எட்டு வாரங்களுக்கு முன்பே தொடங்கும் பரு

காலையில் கண்ணாடி பார்க்கும்போது கன்னத்தில் ஒரு புதுப் பரு. உடனே மனம் முந்தின நாள் சாப்பிட்டதையெல்லாம் கணக்குப் பார்க்கத் தொடங்கும். சாயங்காலம் தின்ற பஜ்ஜியா, பிறந்தநாள் கேக்கா, தோழி கொடுத்த சாக்லேட்டா? வீட்டுப் பெரியவர்கள் "உடம்புச் சூடு" என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பரு நேற்று தொடங்கியதல்ல. கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாத ஓர் அடைப்பாகத் தோலுக்கடியில் அது உருவாகத் தொடங்கிப் பல வாரங்கள் ஆகியிருக்கும். எட்டு வாரம் வரைகூட ஆகியிருக்கலாம். முகப்பருவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் முதலிடம் இந்தக் கால இடைவெளிக்குத்தான். இது புரியாததால்தான் நல்ல மருந்துகள் பத்தாம் நாளே குப்பைக்குப் போகின்றன. கெடுதல் செய்யும் மருந்துகள் மூன்றே நாளில் நல்ல பெயர் வாங்கிவிடுகின்றன.

முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்குள் 400 முதல் 900 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பருவும் வருவதில்லை. சுரப்பிகள் மயிர்க்கால்களோடு ஒட்டியிருக்கின்றன. அவை சுரக்கும் சீபம் என்ற கொழுப்பு, மயிர்க்காலின் குழாய் வழியே மேலேறித் தோலில் பரவுகிறது. குழாயின் உட்சுவரிலிருந்து உதிரும் செல்களும் அதோடு சேர்ந்து வெளியேற வேண்டும். பரு வரும் தோலில் அந்தச் செல்கள் ஒழுங்காக உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குழாயின் வாய்க்குள் ஒரு சிறு தக்கை உருவாகிறது. அதற்குக் கீழே சீபம் தேங்குகிறது. எல்லாப் பருக்களுக்கும் ஆரம்பம் இதுதான்.

தக்கை திறந்த வாயில் நின்றால் அதை பிளாக்ஹெட் என்கிறோம். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. தோலின் நிறமியும் காற்றுப் பட்ட கொழுப்பும் சேர்ந்து, நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பது போலக் கறுத்திருக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாததற்குக் காரணம் இதுவே. வாய் மூடியிருந்தால் ஒயிட்ஹெட். குழாயின் சுவர் உடைந்து உள்ளே இருப்பதெல்லாம் சுற்றியுள்ள திசுவில் கொட்டும்போது சிவந்து, வீங்கி, வலிக்கும் பரு வருகிறது.

சுரப்பிகளை முடுக்கிவிடுவது யார்? இதற்குத் தெளிவான விடை 1941இல் கிடைத்தது. அமெரிக்க உடற்கூறியலாளர் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விதைகள் அகற்றப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வரத் தொடங்குகிறது என்பதையும் பதிவு செய்தார். ஆண் ஹார்மோன் பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கிறது. எண்ணெய்ச் சுரப்பிக்கு அந்தச் சிறிதளவே போதும். பருவ வயதில் பரு வெடிப்பதும், பல பெண்களுக்கு மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் தாடையோரம் பரு தலைதூக்குவதும் இதனால்தான். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசியைப் போட்டுக்கொண்ட இளைஞனின் முதுகெல்லாம் திடீரென்று பரு கிளம்புவதும் இதே கணக்கில் வரும். அந்த ஊசி பெரும்பாலும் ஆண் ஹார்மோனின் செயற்கை உறவினர்.

ஹார்மோன் அளவு எல்லோருக்கும் ஏறுகிறது. பரு ஏன் சிலருக்கு மட்டும் கடுமையாகிறது? குடும்ப வாகு ஒரு பெரிய காரணம். இன்னொன்று கிருமி. கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற அந்தப் பாக்டீரியா, பரு உள்ளவர் முகத்தில் மட்டும் வாழ்வதில்லை. பளிங்கு போன்ற முகத்திலும் அதே அளவு குடியிருக்கிறது. 2013இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூக்கில் ஒட்டி உரிக்கும் பட்டைகளைக் கொண்டே 101 பேரின் மூக்குத் தோலின் நுண்துளைகளிலிருந்து அதை எடுத்து மரபணுக்களைப் படித்தார்கள். 49 பேர் பரு உள்ளவர்கள், 52 பேர் இல்லாதவர்கள். பாக்டீரியாவின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அதன் வகைகளில் இருந்தது: சில வகைகள் பரு முகங்களில் அதிகம், ஒரு வகை தெளிந்த முகங்களில் அதிகம். ஆகவே முகத்தை ஒரு நாளில் ஐந்து தடவை கழுவிக் கிருமியை ஒழித்துவிடலாம் என்ற நினைப்பு பலிக்காது. அது தோலின் பாதுகாப்புப் படலத்தைத்தான் கெடுக்கும். மென்மையான ஃபேஸ்வாஷால் நாளுக்கு இரண்டு முறை கழுவினால் போதும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் ஆய்வாளர்கள் 2003இல் இன்னொன்றைக் காட்டினார்கள். பரு நோயாளிகளின் தோலில் பரு இல்லாத, பார்க்க நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தோல் துணுக்கு எடுத்தார்கள். அங்கேயும் மயிர்க்காலைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கூடியிருந்தன. வெளியே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அழற்சி தொடங்கிவிட்டிருந்தது. தோல் டாக்டர்கள் "பரு மேல் மட்டும் வைக்காதீங்க, முகம் முழுக்கத் தடவுங்க" என்று சொல்வதன் பொருள் இங்கே விளங்கும். மருந்து வேலை செய்ய வேண்டியது இன்று தெரியும் பருவின் மேல் அல்ல, அடுத்த மாதம் தெரியப்போகும் பருவின் மேல்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். இதில் நிறைய தடுமாற்றம் நடந்திருக்கிறது. 1969இல் ஃபுல்ட்டன், பிளெவிக், கிளிக்மன் என்ற தோல் மருத்துவர்கள் மூவர் 65 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலர் பதின்வயதினர், மற்றவர்கள் சிறைக்கைதிகள். சாக்லேட் மிகுந்த பார் ஒன்று, சாக்லேட் இல்லாத பார் ஒன்று. இரண்டையும் மாற்றி மாற்றித் தின்னக் கொடுத்ததில் பருவில் வித்தியாசம் இல்லை என்று அறிவித்தார்கள். அடுத்த பல பத்தாண்டுகளுக்கு "உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமில்லை" என்று மருத்துவ மாணவர்கள் படித்ததற்கு இந்தச் சோதனை பெரிய ஆதாரம். ஆனால் ஒப்பீட்டுக்கு வைத்த பாரிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவுக்கு இருந்தன. சோதனைக்குப் பண உதவி செய்தது சாக்லேட் தயாரிப்பாளர் சங்கம். சோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் மறுக்க வசதியில்லாத கைதிகள். பிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கிளிக்மன் நடத்திய சோதனைகள் மருத்துவ அறத்தின் வரலாற்றில் நீங்காத கறை என்பதை இங்கே சொல்லாமல் விடுவது சரியல்ல. இன்று உலகம் முழுக்கப் பயன்படும் டிரெட்டினோயின் களிம்பும் அதே கிளிக்மனின் ஆய்விலிருந்து வந்தது.

2002இல் கேள்வி மறுபடி திறந்தது. பாப்புவா நியூகினியின் கிட்டாவா தீவில் கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் உண்டு வாழும் 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவருக்குக்கூடப் பரு இல்லை என்று ஆய்வாளர் லோரன் கார்டெய்னின் குழு எழுதியது. அடுத்து 2007இல் ஆஸ்திரேலியாவில், 15 முதல் 25 வயது வரையிலான 43 ஆண்களை வைத்து 12 வாரச் சோதனை நடந்தது. ரத்தச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்களுக்கு எடையும் குறைந்தது என்பதால் பலன் எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். என்றாலும் காரணம் ஊகிக்க முடிகிறது: சர்க்கரை சட்டென்று ஏறினால் இன்சுலின் ஏறும்; இன்சுலினும் அதைச் சார்ந்த வளர்ச்சிக் காரணிகளும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும். ஆகவே பழி சுமக்க வேண்டியது பஜ்ஜியின் எண்ணெய் அல்ல. நாளுக்கு நான்கு முறை சர்க்கரை போட்ட டீ, பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், தட்டு நிறைய வெள்ளைச் சோறு ஆகியவற்றைக் குறைத்துப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பாலுக்கும், ஜிம் செல்வோர் குடிக்கும் வே புரோட்டீன் பவுடருக்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகளும் உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் தடை விதிக்கும் அளவுக்கு அவை வலுவாக இல்லை. உணவு மாற்றம் மருந்துக்குத் துணை நிற்கும், அதன் இடத்தை நிரப்பாது.

வாய்க்குள் போகும் எண்ணெயைவிடத் தலைக்கு வைக்கும் எண்ணெய் அதிகத் தொல்லை தரும். 1970இல் இதே பிளெவிக், ஃபுல்ட்டன், கிளிக்மன் மூவரும், முடிக்குப் பொமேடு என்ற எண்ணெய்ப்பசைக் களிம்பு பூசும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நெற்றியிலும் நெற்றிப்பொட்டிலும் நெருக்கமாக வரும் சிறு பருக்களை விவரித்தார்கள். அந்த விவரிப்பு தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் நெற்றிக்கு அப்படியே பொருந்தும். காலையில் வழிய வழிய வைத்த தேங்காய் எண்ணெய் பத்து மணி வெயிலில் இறங்கி நெற்றிக்கு வந்துவிடும்; ராத்திரி வைத்தால் தலையணை உறை வழியாகக் கன்னத்துக்குப் போகும். எண்ணெய் வைப்பதை விட்டுவிட வேண்டியதில்லை. தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வைத்து அலசிவிடலாம். முகத்துக்கு மட்டும் வேண்டாம்.

இனி மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் போகலாம். இந்த அத்தியாயத்தில் மிகுந்த கவலையோடு எழுதப்படும் பகுதி இது.

"அண்ணா, பருவுக்கு ஏதாவது க்ரீம் குடுங்க" என்று கேட்டால், பல கடைகளில் கேள்வி எதுவும் இல்லாமல் ஒரு சின்ன ட்யூப் வரும். விலை அதிகமில்லை. தடவிய மூன்றாம் நாள் சிவப்பு தணியும், வீக்கம் வடியும், முகம் வெளுக்கவும் தொடங்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் விசாரிப்பார்கள்; ட்யூபின் பெயர் தங்கைக்கும் சித்தி மகளுக்கும் போய்ச் சேரும். அட்டைப்பெட்டியைத் திருப்பி அதன் பொடி எழுத்துகளைப் படித்தால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். மூன்றும் ஸ்டீராய்டுகள். ரத்தக் குழாய்களைச் சுருக்கி, உடலின் எதிர்ப்பு வினையை அடக்குவதால்தான் அந்த உடனடி மினுமினுப்பு. அடைப்பு அப்படியே இருக்கிறது, எண்ணெயும் அப்படியே சுரக்கிறது.

சில வாரங்கள் போனதும் தோல் மெலிந்து, அடியில் இருக்கும் சிவப்பு ரத்தக் குழாய்கள் தெரிகின்றன. பெண்களுக்குக் கன்னத்திலும் தாடையிலும் முடி வளர்கிறது. ஒரே அளவில், ஒரே மாதிரியான பருக்கள் கூட்டமாகக் கிளம்புகின்றன. பயந்துபோய் நிறுத்தினால் இரண்டொரு நாளில் முகம் நெருப்புப் பட்டதுபோல் எரியும். வெயிலில் நிற்க முடியாது. மறுபடி தடவினால் அடங்கும். இப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடும். இந்தியாவின் 12 மையங்களில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத் தோல் நோய்க்காக வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தது தெரியவந்தது. கிட்டத்தட்ட ஏழில் ஒருவர். இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே ஒரு பணிக்குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்தும் ட்யூப் இன்னும் கைக்கு எளிதாகக் கிடைக்கிறது. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிவிட்டவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் ட்யூபையே எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்; பெயர் நினைவில்லை என்று வெறுங்கையோடு போனால் சிகிச்சைதான் தாமதப்படும். மருத்துவ மேற்பார்வையில் விடும்போது எரிச்சல் தாங்கும் அளவில் இருக்கும்.

சரியான மருந்துகள் மெதுவானவை. பென்சாயில் பெராக்சைடு அவற்றில் மூத்தது. அது ஆக்சிஜனை விட்டுக் கிருமியைக் கொல்கிறது. கிருமி அதற்குப் பழகிக்கொண்டதாக இதுவரை தெரியவில்லை. 2.5 சதவீத ஜெல், 10 சதவீத ஜெல்லுக்கு இணையாக வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. வண்ணத் துணியை வெளுத்துவிடும் என்பதால் வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டும் நல்லது. சூட்டில் அது சிதைந்து பென்சீன் உண்டாகக்கூடும். வெயில் விழும் ஜன்னலோரத்திலும் நிறுத்திய காருக்குள்ளும் ட்யூபை வைக்கக் கூடாது.

அடைப்பையே கலைப்பது வைட்டமின் ஏ குடும்பத்து ரெட்டினாய்டுகளின் வேலை: டிரெட்டினோயின், அடாப்பலின். ராத்திரி முகம் கழுவி, ஈரம் முற்றிலும் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு முகம் முழுமைக்கும். நெற்றியில் ஒரு புள்ளி, இரு கன்னங்களிலும் ஒவ்வொன்று, தாடையில் ஒன்று வைத்துப் பரப்பிவிட வேண்டும். கண்ணோரமும் உதட்டோரமும் மூக்கு மடிப்பும் தவிர்க்க வேண்டியவை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மேலே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் பூசலாம். முதல் மாதத்தில் தோல் உரியும், சிலருக்குப் பரு கொஞ்சம் கூடவும் செய்யும். பெரும்பாலோர் கைவிடுவது அந்த மாதத்தில்தான். பலனைக் கணிக்க 12 வாரம் வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் ரெட்டினாய்டு கூடாது.

அவர்களுக்கு ஏற்றது அசெலாயிக் அமிலம். இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் அழகானது. தேமல் வந்த இடத்தில் தோல் வெளுப்பது ஏன் என்று 1970களில் இத்தாலிய ஆய்வாளர்கள் தேடிப்போனார்கள். தேமலை உண்டாக்கும் பூஞ்சை, சோதனைக் கூடத்தில் தோலின் கொழுப்பமிலங்களிலிருந்து இந்த அமிலத்தைத் தயாரித்தது. அது நிறமி உருவாகும் பாதையைத் தடுத்தது. பிறகு அதுவே பருவையும் குறைப்பது தெரியவந்தது. பருவும் வேண்டாம், பரு விட்டுச் செல்லும் கறுப்பும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரே மருந்து இரண்டையும் கவனிக்கிறது.

அந்தக் கறுப்பு மாநிறத் தோலுக்கு உரிய தனிப் பிரச்சினை. அழற்சி ஏற்பட்ட இடத்தில் நமது நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனினைக் கொட்டிவிடுகின்றன. பரு ஒரு வாரத்தில் அமுங்கினாலும் கறை பல மாதம் நிற்கும். பல நோயாளிகள் டாக்டரிடம் முதலில் காட்டுவது பருவை அல்ல, கறையைத்தான். எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து கறை கூடும். டூத்பேஸ்ட், சமையல் சோடா, பூண்டு எல்லாம் புண்ணாக்கிக் கறை சேர்ப்பவை. நகத்தால் கிள்ளுவதும் அப்படியே. கறையோடு பள்ளமும் விழும். வெயிலில் போகும்போது பூசும் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலான ஜெல் வகை சன்ஸ்கிரீன், கறையை வெளுக்கச் செய்யும் எந்த க்ரீமையும்விட முக்கியம்.

ஆன்டிபயாடிக் மாத்திரை, களிம்பு இரண்டுக்கும் இடமுண்டு, அளவோடு. கிளிண்டமைசின் களிம்பைத் தனியாக மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும். கூடவே பென்சாயில் பெராக்சைடு இருக்க வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரையை மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் இழுக்காமலிருப்பது நல்லது. நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில் அரிப்போடு வரும் பருக்கள் ஆன்டிபயாடிக்கில் கூடினால், அது பருவே அல்லாமல் மயிர்க்காலில் வந்த பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நம் ஊர் வியர்வையில் அது சாதாரணம். அதற்கு மருந்து வேறு. தாடையோரப் பருவோடு மாதவிலக்குத் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எதற்கும் அடங்காத, கட்டி கட்டியாக வரும் பருவுக்கு ஐசோடிரெட்டினோயின் இருக்கிறது. 1979இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கேரி பெக், மற்ற சிகிச்சைகள் கைவிட்ட 14 பேருக்கு இதைக் கொடுத்தபோது 13 பேருக்கு முகம் முற்றிலும் தெளிந்தது. 1982இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எண்ணெய்ச் சுரப்பியை இந்த அளவுக்குச் சுருங்கச் செய்யும் மருந்து வேறில்லை. அதே மருந்து கருவிலுள்ள குழந்தையின் மூளை, இதயம், முகம் ஆகியவற்றைக் குலைத்துவிடும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஒரு மாதமும் கருத்தரிக்கக் கூடாது. அதே காலத்தில் ஆண், பெண் யாராயினும் ரத்த தானம் செய்யக் கூடாது. உதடு வெடிக்கும், ரத்தக் கொழுப்பும் கல்லீரலும் பரிசோதிக்கப்பட வேண்டும், மனச்சோர்வு தெரிந்தால் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளோடும் இது பலருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்த மருந்து. தோழியின் சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிடக் கூடியது அல்ல.

"வயசானா தானா போயிடும்" என்று வீட்டில் சொல்வது பாதி உண்மை. பரு போய்விடலாம், அது தோண்டிய பள்ளம் போகாது. ஊசி குத்தியதுபோல் ஆழமானவை, விளிம்பு செங்குத்தாக வெட்டியவை, அலையலையாக இழுபட்டவை எனப் பள்ளங்கள் மூன்று விதம். மூன்றுக்கும் வைத்தியம் வேறுவேறு, செலவும் அதிகம், முழுச் சமன் கிடைப்பதில்லை. நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கோ லேசரோ தொடங்கும் முன் புதுப் பரு வருவது அடங்கியிருக்க வேண்டும். எனவே முதல் பள்ளம் தெரிந்த மாதத்திலேயே, பத்தாம் வகுப்புத் தேர்வு முடியட்டும், காலேஜ் சேரட்டும் என்று தள்ளிப்போடாமல், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்காவது பிள்ளையை அழைத்துப் போய்விட வேண்டும்.